களித் துடுப்பும் என் வலது முழங்கையும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதன்பிறகு நான் எழுதியதெல்லாம் பருப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று விடுதி ஸ்டோருக்குக் கொடுக்கிற சீட்டுத்தான். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவன் தன் முழங்கையைப் பற்றி எழுதி, அதைப் பிறர் படிக்க வேண்டும் என்று நினைப்பது அதிகப்படிதான். கைவலியில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்த வலியை வேறொன்றாக நினைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் நான் செத்துப் பிழைத்தேன். அதை எழுதினால் யாராவது ஒருவர் என்னைவிடச் சீக்கிரம் டாக்டரிடம் போவார் என்று என் மனைவி சொன்னாள். அவள் சொல்லித்தான் உட்கார்ந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்து ஐந்தாறு வருடம் இருக்கும். எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலைமேல் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் நான் சமையல்காரன். சொந்த ஊர் கீழே, ஒடுகத்தூர் பக்கம். பள்ளிக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் நானும் மனைவியும் சின்ன மகளும் இருந்தோம். விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு வெறும் அரிசிச் சோறு போட்டால் வயிறு நிறைந்த மாதிரியே இருக்காது. அதனால் எங்கள் விடுதியில் மத்தியானம் என்றால் களிதான்.

வீட்டில் நாலு பேருக்குக் களி கிண்டுவது வேறு, எழுபது எண்பது பிள்ளைகளுக்குக் கிண்டுவது வேறு. பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து நொய்யரிசி போட்டு, அது வெந்ததும் கேழ்வரகு மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் ஒரு குழி குத்தி வேகவிட வேண்டும். மாவு வெந்த வாசனை வந்ததும் துடுப்பைப் போட்டுக் கிண்டத் தொடங்கினால் இடையில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கட்டி தட்டிவிடும். துடுப்பு என்பது ஒரு ஆள் உயரத்தில் பாதி இருக்கும் மரக்கட்டை. களி இறுக இறுக அது சேற்றில் மாட்டிய வண்டிச் சக்கரம் மாதிரி நகர மறுக்கும். அண்டா புரளாமல் ஒருவர் கவட்டைக் கொம்பால் விளிம்பை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் இரண்டு கையாலும் கிண்டுவார். அதுதான் முறை. அந்த வருடம் எனக்கு உதவியாக இருந்தவர் மாற்றலாகிக் கீழே போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. வார்டனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கவட்டையை இடது கையில் பிடித்து விளிம்பை அழுத்திக்கொண்டு, வலது கை ஒன்றாலேயே கிண்டப் பழகிக்கொண்டேன்.

ஆடி மாதம் வலி தொடங்கியது. முழங்கையின் வெளிப்பக்கம், எலும்பு முனை மேலே தட்டுப்படும் இடத்தில், ஆணி அடித்து வைத்தது போல் இருந்தது. சும்மா இருந்தால் அவ்வளவாகத் தெரியாது. எதையாவது பிடித்தால்தான் தெரியும். ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. எண்ணெய் டின்னின் மூடியைத் திருக முடியவில்லை. தண்ணீர் நிறைந்த சொம்பைத் தூக்கினால் கை நடுங்கியது. ஒருநாள் வார்டனுக்கு டீ கொண்டுபோனபோது டம்ளர் கையை விட்டு நழுவி அவர் காலடியில் விழுந்தது.

எங்கள் பள்ளி வாட்ச்மேன் என்னைவிட மூத்தவர். நான் கையை உதறுவதை அவர் கவனித்திருந்தார்.

"இன்னா தம்பி, காலைல இருந்து கைய ஒதறிக்கினே கீற?"

"முழங்கை புடிச்சிக்கினு கீதுண்ணே."

"சுளுக்கு. குந்து. ஒரே இழுப்புல எடுத்து வுட்டுர்றேன்."

"மெதுவாண்ணே."

"மெதுவா இழுத்தா அது போவுமா? இன்னா, பொண்ணு பாக்க வந்த மாதிரி கூச்சப்படற? கைய நீட்டு."

விளக்கெண்ணெய் தடவி, மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். கண்ணில் பூச்சி பறந்தது. அவருக்கு மட்டும் திருப்தி. "கேட்டியா, 'டக்'குன்னுச்சி. போயே போச்சி" என்றார். மறுநாளும் இழுத்தார். அதற்கடுத்த நாள் அவர் வருகிற வழியிலேயே நான் நிற்கவில்லை. வலி முன்னைவிட அதிகமாகி மணிக்கட்டு வரை இறங்கியது.

அந்தச் சமயத்தில்தான் தேமல் பார்ப்பவர் பள்ளிக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் தொழுநோய் அதிகமாக இருந்த காலம் அது. பெருவியாதி என்போம். அதைக் கண்டுபிடிக்க ஊர் ஊராக மோட்டார் சைக்கிளில் வருகிற ஊழியர் ஒருவர் உண்டு. எல்லோரையும் சட்டையைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்தில் நிறுத்தி, தோலில் தேமல் இருக்கிறதா என்று பார்ப்பார். அதனால் அவருக்கு அந்தப் பெயர். அன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தார். ஒவ்வொரு பிள்ளையின் முழங்கையையும் மடக்கிப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினார். நான் டீ கொண்டுபோயிருந்தேன். பக்கத்தில் நின்ற வாத்தியார், "அங்க இன்னா சார் பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"நரம்பு தடிச்சிருக்கான்னு பாக்குறேன் சார். சில பேருக்குத் தோல்ல ஒண்ணும் பெருசா தெரியாது. முழங்கையில நரம்பு தடிச்சிக்கும். கையில பிடி கொறஞ்சிடும். சாமான் நழுவும். அவங்களுக்கே தெரியாது."

என் கையில் இருந்த தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். முழங்கை, பிடி குறைவது, சாமான் நழுவுவது. மூன்றும் எனக்கு இருந்தது.

"சமையல் பண்றவரையும் பாத்துடலாமே" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

"பால் பொங்குதுங்க" என்றேன். விடுதியில் அந்த நேரத்தில் பால் கிடையாது. அவருக்கு அது எப்படித் தெரியும்? பின்கதவு வழியாக இறங்கிப் புளியமரங்களுக்குள் போய், மோட்டார் சைக்கிள் சத்தம் மலைச்சரிவில் தேய்கிற வரைக்கும் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

அந்த வியாதி வந்தவன் சமையல்கட்டில் நிற்க முடியாது என்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் ஒருவரை மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தனியாக வைத்திருந்தார்கள். சாப்பாட்டை எட்டி நின்று வைப்பார்கள். எனக்கு வேலை போவதைக் காட்டிலும், நான் கிண்டிய களியைத் தின்ற பிள்ளைகளை நினைத்துத்தான் பயம். என் மகளுக்குத் தொற்றிவிடுமோ என்று அதைவிடப் பயம். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர் பிரித்து வைத்துக்கொண்டேன். பாயைக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மகள் ஓடிவந்து தூக்கச் சொன்னால், வேலை இருக்கிறது என்று நகர்ந்துவிடுவேன். விடுதியில் கரண்டியைத் துணி சுற்றிப் பிடித்தேன். அந்தத் துணியைத் தினமும் அடுப்பில் போட்டேன். சாயங்காலம் ஆளில்லாத நேரம் பார்த்து முழங்கையை அழுத்திப் பார்ப்பேன். வலிக்கும். வலிப்பதால் வியாதி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

என் மனைவி கொஞ்ச நாள் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், இன்னாய்யா நெனச்சிக்கினு கீற நீ? தனித் தட்டு, தனிப் பாயி. நான் இன்னா தீண்டக்கூடாதவளா?"

"அதெல்லாம் இல்லம்மே."

"அப்ப எவளாவது கீறாளா? சொல்லிடு. போயி அவளையும் ஒருவாட்டி பாத்துட்டு வர்றேன். ஒனக்கு ஆக்கிப் போடறவ எப்படிக் கீறான்னு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொல்லைப்பக்கம் கூப்பிட்டுக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டேன். அவள் பின்னால் நகர்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முன்னால் வந்தாள்.

"சட்டையக் கழட்டு."

"வேணாம்மே, தொடாத."

"கழட்டுய்யா. இந்த முதுகத்தான இத்தினி வருசமா தேச்சி வுட்டுக்கினு கீறேன்? எனக்குத் தெரியாத தேமலா?"

வெயிலில் நிறுத்தி முதுகு, தோள், வயிறு எல்லாம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். நான் என்ன ஏதென்று பார்ப்பதற்குள் முழங்கைக்குக் கீழே ஒரு குத்து.

"ஆ!"

"வலிக்குதா?"

"ரத்தமே வந்துட்ச்சி, வலிக்குதான்னு கேக்குற!"

"அந்த வியாதின்னா குத்தினா தெரியாதுன்றாங்களே. நீ இன்னாடான்னா கோழி மாதிரி கத்துற." ஊக்கைத் திரும்ப வளையலில் மாட்டிக்கொண்டாள். "அது எப்படியோ போவட்டும். நாளைக்குக் கீழ போறோம். டாக்டரே சொல்லட்டும். இருந்தா மாத்திரை சாப்புடு, நான் ஒன்ன வுட்டுட்டு ஓடிடப் போறனா?"

அந்தக் கடைசி வார்த்தையோடு பாதிப் பாரம் இறங்கியது. மீதிப் பாதியைச் சுமந்துகொண்டு மறுநாள் முதல் பஸ்ஸில் போளூருக்கு இறங்கினோம். வாட்ச்மேன் வீட்டம்மா அன்றைக்கு மட்டும் பிள்ளைகளுக்குச் சோறாக்க ஒத்துக்கொண்டார்; மகளையும் அவர்கள் வீட்டில் விட்டோம். பஸ்ஸில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை மடியில் துண்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அந்த வியாதிக்கென்று வாரத்தில் ஒருநாள் தனியாகப் பார்ப்பார்கள். நாங்கள் போனது நல்லவேளையாக அந்த நாளாக இருந்தது. வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் விரல்கள் உள்பக்கம் மடங்கிப்போன ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, அவர் எந்த ஊர், என்ன பயிர் என்றெல்லாம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் நானும் உட்கார்ந்தேன்.

"இன்னா தொந்தரவுங்க?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"முழங்கை. ரொம்ப வலி."

"வலிக்குதுங்களா?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எனக்கு வலிச்சிருந்தா நானும் சீக்கிரம் வந்திருப்பேன். அடுப்புல கை பட்டு வெந்தாலும் தெரியல. விரலு மடங்கின அப்பாலதான் வந்தேன். இப்ப மாத்திரை சாப்புடறேன். இதுக்கு மேல ஏறாதுன்னு சொல்லிட்டாங்க."

உள்ளே இருந்த டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் கையில் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். எல்லாவற்றையும் சரியாகக் காட்டினேன். பிறகு முழங்கையை மடக்கிப் பிடித்து உள்பக்கக் குழியில் விரலால் உருட்டிப் பார்த்தார். விரல்களை விரிக்கச் சொன்னார், சேர்க்கச் சொன்னார்.

"அந்த நரம்பு இங்க உள்பக்கம் ஓடுது. உங்களுக்கு அது நல்லாத்தான் இருக்கு. உங்க வலி எங்கே? நீங்களே தொட்டுக் காட்டுங்க."

வெளிப்பக்க எலும்பு முனையைத் தொட்டேன். அவர் அங்கே ஒரு அழுத்து அழுத்தினார். ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன்.

"அந்த நாற்காலியைத் தூக்குங்க. உள்ளங்கை கீழே பாக்கட்டும்." முதுகுப் பலகையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். தரையை விட்டு எழும்பவில்லை. வலி சுரீர் என்றது. "இப்ப உள்ளங்கை மேலே பாக்கட்டும். அடியில கை குடுத்துத் தூக்குங்க." தூக்கிவிட்டேன். வலியே இல்லை என்று சொல்லலாம். அதே கை, அதே நாற்காலி. நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"உங்களுக்குத் தொழுநோய் இல்லை" என்றார் டாக்டரம்மா. "இதுக்கு டென்னிஸ் எல்போன்னு பேரு. பந்தாட்டம் ஆடுறவங்களுக்கு வர்றதால அந்தப் பேரு."

"அய்ய, இவுரு அந்த மாதிரி ஆளு இல்லீங்கம்மா" என்றாள் என் மனைவி அவசரமாக. "ஆட்டமெல்லாம் ஒண்ணியும் கெடையாது. சீட்டுக்கட்டு கூடத் தொட மாட்டாரு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சரி, என்ன வேலை செய்யறார்?" என்று கேட்டார். மூலையில் சாத்தியிருந்த அவருடைய குடையை எடுத்து, இடது கையால் கவட்டை பிடிப்பது போலவும் வலது கையால் துடுப்பைச் சுற்றுவது போலவும் செய்து காட்டினேன்.

"தினமும் இப்படியா? ஒரு கையிலயா? டென்னிஸ் ஆடுறவங்ககூட இவ்வளவு ஆட மாட்டாங்க."

பிறகு என் முன்கையைப் பிடித்து விளக்கினார். மணிக்கட்டை மேலே தூக்குகிற தசை முன்கை வழியாகப் போய் இந்தச் சின்ன எலும்பு முனையில் ஒட்டியிருக்கிறது. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் அது அந்த முனையை இழுக்கிறது. ஓய்வில்லாமல் இழுத்தால் ஒட்டுகிற இடம் நைந்துபோகும். நைந்த இடம் ஆறுவதற்குள் மறுபடி இழுத்தால் ஆறவே ஆறாது. டம்ளர் நழுவியது பலம் போனதால் இல்லை. வலிக்குப் பயந்து கை தானாகவே பிடியை விட்டுவிடுகிறது. எண்ணெய் போட்டு ஒருவர் இழுத்தார் என்று சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நாலஞ்சு மாசம் ஆகலாம். சில பேருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். ஆனா போயிடும். பயப்படாதீங்க." பேனாவை மூடிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "அந்த நோயே இருந்தாலும் மாத்திரை இருக்கு. மறைச்சு வைக்கிறதுதான் கெடுதல். இனிமே யாராவது பாக்க வந்தா மரத்துக்குப் பின்னாடி போய் நிக்காதீங்க."

அதையும் என் மனைவி சொல்லிவிட்டிருந்தாள்.

வெளியே வந்ததும் பெஞ்சில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்திலேயே தெரிந்திருக்கும். "இல்லீங்களா? நல்லது, போய்ட்டு வாங்க" என்றார். அவரிடம் சந்தோஷத்தைக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. கும்பிட்டேன். அவர் மடங்கிய விரல்களோடு திரும்பக் கும்பிட்டார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் இட்லியும் வடையும் வாங்கினோம். என் மனைவி தன் இலையைத் தொடாமல், என் இலையிலிருந்து வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கை சரியானது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். முன்கையில் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே பட்டை கட்டச் சொன்னார்கள். நான் முழங்கை மேலேயே இறுக்கிக் கட்டி, விரலெல்லாம் வீங்கிப்போய், பிறகுதான் இரண்டு விரற்கடை கீழே, விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாகக் கட்டக் கற்றுக்கொண்டேன். ஓய்வு என்றதும் கையைத் துண்டால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு வாரம் அசைக்காமல் இருந்தேன். அதுவும் தப்பு. கை மரக்கட்டை மாதிரி விறைத்துவிட்டது. வலிக்கிற வேலையைத்தான் நிறுத்த வேண்டும், கையையே நிறுத்தக் கூடாது என்று அடுத்த தடவை டாக்டரம்மா திட்டினார். வலி குறைந்ததும் ஒரு பயிற்சி கொடுத்தார். மேசை விளிம்பில் முன்கையை வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடது கையால் அதை மேலே தூக்கிவிட்டு, வலது மணிக்கட்டால் மெதுவாக, மிக மெதுவாக இறக்க வேண்டும். அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு போனேன். "சின்னக் கல்லுய்யா!" என்று என் மனைவி பிடுங்கிக்கொண்டு, எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கூழாங்கல்லைக் கொடுத்தாள். சொம்பையும் குடத்தையும் உள்ளங்கை மேலே பார்க்க அடியில் கைகொடுத்துத் தூக்கினேன். துணி பிழிவதை விட்டுவிட்டேன். சொட்டச் சொட்டக் கொடியில் போட்டால் அதுவாகக் காயும். பொங்கல் சமயத்தில் நன்றாகிவிட்டது என்று நினைத்து மறுபடி ஒருநாள் தனியாகக் கிண்டினேன். குணமாகி வந்ததில் மூன்று வாரம் பின்னால் போனேன். சித்திரை வாக்கில் ஒரு காலை, தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த பிறகுதான் வலிக்கவில்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது.

போளூரிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. வார்டனிடம் போய் நின்றேன். வியாதி இல்லை என்று தெரிந்த தைரியம்தான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது. "களி ஒரு ஆள் கிண்டற வேலை இல்லீங்க. கவட்டை புடிக்க ஒருத்தர் வேணும். எனக்குக் கையில டென்னிஸ் எல்போங்க" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டென்னிஸா? இந்த மலை மேல எங்கய்யா ஆடின?"

"அண்டாவுலங்க."

அவர் சிரித்தார். "இத்தனை நாள் ஏன்யா சொல்லல? ஆள் வர்ற வரைக்கும் வாட்ச்மேன் கிண்டட்டும்" என்றார். வாசலில் நின்ற வாட்ச்மேன், "என் தலையிலயா?" என்று முணுமுணுத்தார். வீட்டுக்குப் போனேன். மகள் ஓடிவந்தாள். இடது கையால் தூக்கிக்கொண்டேன். கதவோரம் இருந்த பாயை என் மனைவி ஏற்கெனவே உள்ளே இழுத்துப் போட்டிருந்தாள்.

மறுநாள் களியை வாட்ச்மேன் கிண்டினார், நான் கவட்டை பிடித்தேன். கொஞ்சம் அடிப்பிடித்தது. மத்தியானம் கீழேயிருந்து விறகு லாரி வந்தது; கட்டை இறக்க ஆள் வேண்டும் என்று இந்தத் தடவை வார்டனிடம் நானே போய்க் கேட்டேன்.